முதல் மேமோகிராம்: போகும் முன், எடுக்கும்போது, ரிப்போர்ட் வந்த பின்

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கென்றே அமைந்த எக்ஸ்ரே. ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது, குழாய் போன்ற இயந்திரத்துக்குள் போய்ப் படுக்க வேண்டியதில்லை. வெறும் வயிற்றோடு போகவும் வேண்டாம். இட்லி சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம். இருந்தாலும் எனக்குத் தெரிந்த பெண்களில் மருத்துவர் எழுதிக் கொடுத்த வாரமே போய் எடுத்தவர்கள் குறைவு. "பொங்கல் முடியட்டும்", "பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்" என்று சீட்டு கைப்பையிலேயே கிடக்கும். தள்ளிப்போடுவதற்குப் பெரும்பாலும் வலி காரணமாக இருப்பதில்லை. யார் முன்னால் ரவிக்கையைக் கழற்ற வேண்டியிருக்கும், தாலியை எடுக்கச் சொல்வார்களா, ரிப்போர்ட்டில் ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்பவைதான் மனத்தில் ஓடுகின்றன. இவற்றைப் பற்றிப் பேச பில் கவுன்டரில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அதனால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எங்கே போவது

உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாமல், வயது வந்துவிட்டதே என்று எடுத்துப் பார்ப்பது ஒரு வகை. மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி தென்படுகிறது, காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் வருகிறது, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொண்டது, தோல் ஓரிடத்தில் குழிந்தோ தடித்தோ இருக்கிறது என்று ஏதாவது ஒன்று இருந்து எடுப்பது இன்னொரு வகை.

இரண்டாவது வகை என்றால் நேராக ஸ்கேன் சென்டருக்குப் போகாதீர்கள். முதலில் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கையால் தொட்டுப் பார்த்து, எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று சீட்டில் எழுதித் தருவார். படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்டுக்கு அந்த ஒரு வரி மிக முக்கியம். "கட்டி இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லையே" என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லை என்பதைத் தைரியத்துக்குக் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வயது விஷயத்தில் நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2024-இல் வெளியிட்ட பரிந்துரை, 40 வயதிலிருந்து 74 வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறது. இங்கிலாந்தில் 50-இல் தொடங்கி 71 வயது எட்டும்வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அழைப்பு அனுப்புகிறார்கள். இந்தியாவில் எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் என்ற தேசியத் திட்டம் இல்லை. 30 முதல் 65 வயது வரை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் மார்பகத்தைப் பரிசோதிப்பதுதான் இங்கே அரசின் வழிகாட்டுதல். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கப் போகும்போதே இதையும் கேட்டுப் பார்க்கலாம். அங்கே சந்தேகம் வந்தால் மேலே அனுப்புவார்கள்.

அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், அதுவும் இளம் வயதில் வந்திருந்தால், இந்த வயதுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. எப்போது தொடங்குவது என்று மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 40-க்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் அல்ட்ராசவுண்ட்தான் எழுதுவார்கள். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். எக்ஸ்ரேயில் அந்த அடர்த்தியும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. வெள்ளையில் வெள்ளையைத் தேடுவது கஷ்டம்.

அரசு மருத்துவமனை என்றால் ஓ.பி. சீட்டு வாங்கி, அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டி, அவர்கள் எழுதித் தரும் படிவத்தோடு எக்ஸ்ரே பிரிவுக்குப் போக வேண்டும். அன்றே எடுப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், தேதி கொடுக்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய இடம் அது. நோய் வந்தவர்கள் மட்டுமே போகும் இடம் என்று நினைத்து அந்தப் பக்கமே போகத் தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நோய் வருமுன் பார்த்துக்கொள்வதற்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது.

தேதி குறிக்கும்போது

மாதவிலக்கு நிற்காதவர்கள், விலக்கு வந்து முடிந்த அடுத்த வாரத்தில் தேதி கேளுங்கள். விலக்குக்கு முந்தைய வாரம் மார்பகம் கனத்து, தொட்டாலே வலிக்கும். அந்த வாரத்தில் போய்விட்டு "உயிர் போகிற வலி" என்று ஊரெல்லாம் சொல்பவர்களால்தான் இந்தப் பரிசோதனைக்குப் பாதிக் கெட்ட பெயர். ஆனால் கட்டி இருக்கிறதென்று எடுக்கப் போகிறவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். கிடைக்கிற முதல் தேதியில் போய்விடுங்கள்.

கர்ப்பமாக இருக்கலாம் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பால் கொடுக்கும் தாய்மார்கள் எடுக்கலாம். எடுப்பதற்குச் சற்று முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனால் வலியும் குறையும், படமும் தெளிவாக வரும். எடுத்த பிறகு தாய்ப்பாலில் கதிர்வீச்சு தங்குமோ என்று பாட்டிமார்கள் கேட்பார்கள். தங்காது. வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் கொடுக்கலாம்.

தனியார் சென்டருக்குப் போன் செய்யும்போது மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. படம் எடுப்பவர் பெண்ணா? சொன்ன தொகையில் அல்ட்ராசவுண்டும் சேர்ந்ததா? நாம் வரும் நேரத்தில் ரேடியாலஜிஸ்ட் இருப்பாரா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் மேமோகிராம் எடுத்த கையோடு அல்ட்ராசவுண்டும் பார்த்துவிடுவது வழக்கம். அதை 'சோனோ மேமோகிராம்' என்பார்கள். மருத்துவர் இல்லாத நேரத்தில் போனால் அதற்காக இன்னொரு நாள் அலைய வேண்டும்.

முன்பு எப்போதாவது எடுத்திருந்தால் அந்த பிலிம், சி.டி., ரிப்போர்ட் மூன்றையும் எடுத்து வையுங்கள்.

கிளம்பும் காலை

குளித்துவிட்டு, மார்பிலும் அக்குளிலும் எதுவும் பூசாமல் போங்கள். பவுடர், டியோடரன்ட், சென்ட், களிம்பு எதுவும் வேண்டாம். டியோடரன்டில் உள்ள அலுமினியத் துகளும் பவுடர் துகளும் படத்தில் வெண்புள்ளிகளாக விழும். மார்பகத்தில் படியும் சுண்ணாம்புச் சத்துப் புள்ளிகளும் அப்படியேதான் தெரியும், அவற்றில் ஒருசில வகை புற்றுநோயின் தொடக்க அடையாளமாகவும் இருக்கலாம். ஒரு சிட்டிகை பவுடருக்காக மறுபடி படம் எடுக்க வேண்டாமே. நெஞ்சில் விபூதியோ சந்தனமோ பூசும் பழக்கம் உள்ளவர்கள் அன்று நெற்றியோடு நிறுத்திக்கொள்ளலாம். மறந்து பூசிவிட்டால் சொல்லிவிடுங்கள். ஈரத் துணியால் துடைத்துவிட்டால் போதும்.

உடை இரண்டு பகுதியாக இருக்க வேண்டும். சுடிதார் வசதி. சேலை கட்டிப் போகிறவர்கள் முழுதும் அவிழ்க்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ரவிக்கையையும் உள்ளாடையையும் கழற்றினால் போதும்; கொசுவம் கலையாது. மேலே போட்டுக்கொள்ள முன்பக்கம் திறக்கும் கவுன் தருவார்கள். நீளமான ஒரே துணியாகத் தைத்த உடைகளை அன்று தவிர்த்துவிடுங்கள்.

இனி தாலி. கழுத்தில் உலோகம் இருந்தால் படத்தில் விழும், குறிப்பாகப் பக்கவாட்டில் எடுக்கும் படத்தில். கழற்றி வைப்பதுதான் எளிது. மனம் ஒப்பாதவர்கள் சங்கடப்படாமல் சொல்லிவிடலாம். தினமும் பத்துப் பேரிடம் இதையே கேட்கும் டெக்னீஷியனுக்கு இது புதிதல்ல. சங்கிலியை முதுகுப் பக்கம் தள்ளி, முன்னால் சரியாதபடி பிடித்துக்கொள்ளச் சொல்வார். மஞ்சள் கயிறு படத்தில் தெரியாது. அதில் கோத்த தாலியும், அவசரத்துக்கு உதவும் என்று நாம் மாட்டி வைத்திருக்கும் நாலைந்து ஊக்குகளும் பளிச்சென்று தெரியும். ஊக்குகளையாவது வீட்டிலேயே எடுத்துவிட்டுப் போங்கள். நீளமான பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொண்டால் அதுவும் தோளிலிருந்து நழுவிக் குறுக்கே வராது.

அறைக்குள்

கணவரோ மகளோ கூட வந்திருந்தாலும் வெளியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே நீங்களும் டெக்னீஷியனும் மட்டும். அவர் முதலில் சில கேள்விகள் கேட்பார்: கடைசி மாதவிலக்கு எப்போது, முன்பு மார்பகத்தில் அறுவை செய்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா, ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறீர்களா. பழைய தழும்பு, பெரிய மச்சம், மார்பின் அடியில் வியர்வைப் புண் இருந்தால் அப்போதே காட்டிவிடுங்கள். அடிமடிப்பில் தோல் மெலிந்தோ புண்ணாகவோ இருந்தால் அழுத்தும்போது கீறல் விடலாம்; தெரிந்தால் பார்த்துக் கையாள்வார். நிற்க முடியாதவர்களுக்கு உட்காரவைத்தும் எடுக்கலாம்.

இயந்திரம் ஆளுயரத் தூண் ஒன்று. அதில் உங்கள் மார்பு உயரத்துக்கு ஏற்றி இறக்கக்கூடிய தட்டையான பலகை, அதற்கு மேலே கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் தட்டு. ஏசி அறையில் அந்தப் பலகை சில்லென்று இருக்கும். டெக்னீஷியன் உங்கள் மார்பகத்தைக் கையால் தூக்கிப் பலகையில் வைத்து முன்னால் இழுத்துச் சரிசெய்வார். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் உடம்பை இறுக்கிக்கொண்டு பின்னால் வாங்குகிறார்கள். தோளை இறுக்கினால் மார்புத் தசையும் இறுகும், வலி கூடும். தோளைத் தொங்கவிட்டு, அவர் திருப்புகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் வேலை சுலபமாக முடியும்.

பிறகு காலால் ஒரு மிதி. மேல் தட்டு மெல்ல இறங்கி அழுத்தும். கடைசிக் கட்டத்தைக் கையால் திருகிச் சரிபார்ப்பதும் உண்டு. நன்றாகவே அழுத்தும், "ஒன்றும் தெரியாது" என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு வெறும் இறுக்கம், சிலருக்குக் கண்ணில் நீர் வரும் வலி. டெக்னீஷியன் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போய் "மூச்சை நிறுத்துங்கள்" என்பார். ஒரு சத்தம், அவ்வளவுதான். படம் எடுத்ததும் தட்டு பெரும்பாலும் தானாகவே மேலே போய்விடும். அழுத்தம் இருப்பது சில நொடிகள். தாங்க முடியவில்லை என்றால் வாய் திறந்து சொல்லுங்கள், நிறுத்துவார். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதற்கு யாரும் பரிசு தரப் போவதில்லை.

ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு என்று மொத்தம் நான்கு படங்கள். மேலிருந்து கீழாக ஒன்று. இயந்திரத்தின் கையைச் சாய்த்துப் பக்கவாட்டில் ஒன்று. சாய்த்து எடுக்கும்போது கையைத் தூக்கிப் பிடியைப் பற்றச் சொல்வார்கள். பலகையின் முனை அக்குளுக்குள் போய் உட்காரும். நான்கில் அதுதான் படுத்தும். அக்குள் வரை நீளும் திசுவைப் பார்க்க வேறு வழியில்லை. சில இடங்களில் இருக்கும் முப்பரிமாண இயந்திரத்தில் மேலே உள்ள எக்ஸ்ரே குழல் ஒரு வளைவாக நகர்ந்து பல கோணங்களில் எடுக்கும். உங்களுக்குச் செய்யும் வேலை ஏறக்குறைய இதேதான், இன்னும் சில நொடிகள் கூடலாம்.

ஏன் இப்படி நசுக்க வேண்டும் என்று கேட்காதவர் இல்லை. மடித்து வைத்த சேலையில் உள்மடிப்புக் கறை தெரியாது, விரித்தால்தான் தெரியும். மார்பகத் திசுவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் சிறு கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். பரப்பி மெலிதாக்கினால் கதிரும் குறைவாகப் போதும், அசைவால் படம் கலங்குவதும் இல்லை. அழுத்தி எடுக்கும் முறையை 1940-களின் கடைசியிலேயே வலியுறுத்தியவர் உருகுவே நாட்டு மருத்துவர் ராவுல் லெபோர்ன். சுண்ணாம்புப் புள்ளிகளின் முக்கியத்துவத்தையும் அவர்தான் அழுத்தமாகச் சொன்னார். அழுத்தினால் கட்டி உடைந்து புற்று பரவிவிடும் என்று ஒரு பேச்சு ஊரில் உலவுகிறது. அது உண்மையல்ல.

கதிர்வீச்சுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான்கு படங்களுக்கும் சேர்த்து சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நம் உடம்பில் விழும் கதிர்வீச்சில் ஏறக்குறைய ஏழு வாரத்துக்கான அளவு அது.

உடை மாற்றுவது தொடங்கி எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் பிடிக்கலாம். "இன்னொரு படம் எடுக்க வேண்டும், நில்லுங்கள்" என்று டெக்னீஷியன் சொன்னால் உடனே நெஞ்சு படபடக்க வேண்டாம். தோல் மடிந்திருக்கும், மூச்சு விட்டிருப்பீர்கள், ஓரம் விட்டுப் போயிருக்கும். அவர் முகத்தைப் பார்த்து முடிவைக் கண்டுபிடிக்கவும் முயலாதீர்கள். படம் எடுப்பது அவர் வேலை, படிப்பது ரேடியாலஜிஸ்டின் வேலை. கேட்டாலும் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது.

அல்ட்ராசவுண்ட்

"இங்கு கருவில் உள்ள குழந்தையின் பாலினம் தெரிவிக்கப்பட மாட்டாது" என்ற பலகை தொங்கும் அறை அது. கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயதுப் பெண்ணை நாலு பேர் திரும்பிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். படுக்கவைத்துக் கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்லி, பசை தடவி உருட்டிப் பார்ப்பார்கள். வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. நீர்க்கட்டியா, திடமான கட்டியா என்று மேமோகிராமைவிட இதில் தெளிவாகத் தெரியும். சில இடங்களில் ஆண் மருத்துவர் பார்ப்பார். துணைக்குப் பெண் உதவியாளர் இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

நம் வீடுகளில் ரிப்போர்ட் உறையைப் பெரும்பாலும் கணவரோ மகனோதான் பிரிக்கிறார்கள். அவர்கள் இணையத்தில் தேடி, தாங்களும் பயந்து, உங்களிடம் பாதியை மறைப்பார்கள். உங்கள் உடம்பு, நீங்களே பிரியுங்கள். பக்கம் முழுக்க ஆங்கிலம் இருந்தாலும் தேட வேண்டியது இரண்டே விஷயங்கள்.

ஒன்று, அடர்த்தி. ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. சி, டி என்றால் திசு அடர்த்தி அதிகம். அது நோயல்ல. ஆனால் உங்கள் படத்தில் சிறு கட்டி மறைந்துபோகும் வாய்ப்பு கூடுதல், அதனால் அல்ட்ராசவுண்டையும் விடாமல் பார்க்க வேண்டும் என்று பொருள்.

இரண்டு, கடைசியில் வரும் 'பைராட்ஸ்' எண். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வகுத்த இந்தக் கணக்கு 0 முதல் 6 வரை போகும். 1 என்றால் எதுவும் இல்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் சாதாரணமானது: நீர்க்கட்டி, வயதானால் படியும் சுண்ணாம்பு போன்றவை. இந்த இரண்டுக்கும் மேற்கொண்டு ஒன்றும் வேண்டாம்.

பலரைத் தூங்கவிடாமல் செய்வது 0. பரிசோதனை முழுமையாகவில்லை, இன்னொரு கோணப் படமோ அல்ட்ராசவுண்டோ பழைய படமோ வேண்டும் என்று மட்டுமே அதற்கு அர்த்தம். இங்கிலாந்துத் திட்டத்தில் எடுக்கும் 100 பேரில் சுமார் 4 பேரை மறுபடி கூப்பிடுகிறார்கள். அந்த நால்வரில் ஒருவருக்கே புற்றுநோய் உறுதியாகிறது. அழைப்பு வந்தால் போகத்தான் வேண்டும், ஆனால் போகும் முன்பே உயில் எழுத வேண்டாம்.

3 என்றால் பெரும்பாலும் சாதாரணமானதுதான், புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்வார்கள். எனக்கு மிகவும் கவலை தருகிற எண் இதுதான். 4 வந்தவர்கள் பயந்து உடனே ஓடுகிறார்கள். 3 வந்தவர்கள் "ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்று உறையைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். ரிப்போர்ட் வாங்கிய அன்றே ஆறு மாதம் தள்ளிக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

4 என்றால் சந்தேகம், திசு எடுத்துப் பார்க்க வேண்டும். இதன் வீச்சு மிக அகலம், 2 முதல் 95 சதவீதம் வரை. அதனால்தான் 4ஏ, 4பி, 4சி என்று பிரித்து எழுதுகிறார்கள். 4ஏ-வில் பத்துக்கு ஒன்பது புற்றுநோயாக இருக்காது. 5 என்றால் வாய்ப்பு மிக அதிகம், தாமதிக்கக் கூடாது. 6 என்பது ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு.

திசு எடுப்பது என்றால் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே இன்னொரு ஊசியால் சிறு துணுக்குகள் எடுப்பார்கள். எடுக்கும்போது 'டக்' என்று ஸ்டேப்ளர் அடிப்பதுபோல ஓசை வரும். முன்கூட்டித் தெரியாவிட்டால் தூக்கிவாரிப்போடும். அன்றே வீட்டுக்குப் போகலாம். ஊசி பட்டால் புற்று பரவும் என்று உறவினர்கள் தடுப்பார்கள். அதைக் கேட்டு நாட்டு வைத்தியத்தில் மாதங்களைக் கழிப்பதுதான் உண்மையான ஆபத்து.

மேமோகிராமின் குறையையும் மறைப்பதற்கில்லை. இருக்கும் கட்டியை அது தவறவிடுவதும் உண்டு. ஆகவே படம் சுத்தம் என்று வந்தும் கையில் கட்டி தட்டுப்பட்டால் கையை நம்பி மருத்துவரிடம் போங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: வாழ்நாளில் ஒருபோதும் தொல்லை தந்திருக்காத சிறு புற்றையும் கண்டுபிடித்து சிகிச்சைக்குள் தள்ளிவிடுவது. இங்கிலாந்தில் 2012-இல் வெளியான ஒரு சுயேச்சைக் குழுவின் ஆய்வு, ஓர் உயிர் காப்பாற்றப்படும்போது சுமார் மூன்று பேர் இப்படி அநாவசிய சிகிச்சைக்கு ஆளாகலாம் என்று கணித்தது. அறிகுறி இல்லாமல் எடுக்கப் போகிறவர்கள் இதையும் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம். அறிகுறி உள்ளவர்களுக்கு இந்த விவாதம் பொருந்தாது, எடுத்தே ஆக வேண்டும்.

படத்தைப் பத்திரப்படுத்துவது

ரிப்போர்ட் போதும் என்று பிலிமைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த முறை பார்க்கும் ரேடியாலஜிஸ்டுக்கு உங்கள் பழைய படத்தைவிடப் பெரிய உதவி கிடையாது. மூன்று ஆண்டுகளாக மாறாமல் அதே இடத்தில் இருக்கும் புள்ளி வேறு, புதிதாக முளைத்த புள்ளி வேறு. சி.டி. கேட்டு வாங்குங்கள். இப்போது பல கணினிகளில் சி.டி. போட இடமே இல்லாததால் பென் டிரைவிலும் ஒரு பிரதி போட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள். பிலிமை மடிக்காமல், சுருட்டாமல், அவர்கள் கொடுத்த பெரிய உறையிலேயே வைத்து, உறையின் மேல் தேதியையும் பைராட்ஸ் எண்ணையும் பேனாவால் எழுதி வையுங்கள்.